முதல் மூன்று மாதம் யார் ஓடுவது?

சிங்கப்பூரின் செங்காங்கில் இருக்கும் ஒரு சகோதரி கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020ல் மூத்த மகன் பிறந்தபோது கணக்கு உதவியாளர் வேலையை விட்டவர். மகனுக்கு இப்போது 6 வயது, முழுநாள் பாலர் பள்ளியில் இருக்கிறான். அடுத்த ஜனவரியில் தொடக்கநிலை 1. மகளுக்கு 2 வயது, வீட்டில் அம்மாவோடு இருக்கிறாள். கணவரும் பிள்ளைகளும் குடிமக்கள், இவர் நிரந்தரவாசி. கணவர் எட்டு வருடமாக ஒரே நிறுவனத்தில், 6,500 வெள்ளி சம்பளத்தில் இருக்கிறார். "நீ மூவாயிரம் சம்பாதித்தால் இரண்டாயிரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவே போய்விடும்" என்கிறார் கணவர். "ஒரு பணிப்பெண்ணை வைத்தால் தீர்ந்தது" என்கிறார் மாமியார். "பாலர் பள்ளியில் தமிழாசிரியையாகப் போயேன்" என்கிறார் தோழி. இவர் கேட்பது மூன்று விஷயங்கள். நீக்குப்போக்கான நேரமுள்ள வேலை எங்கே கிடைக்கும், ஆறு வருட இடைவெளியை ரெஸ்யூமேயில் எப்படிச் சொல்வது, வீட்டையும் வேலையையும் சேர்த்துச் சமாளிக்க முடியுமா.

இந்த மூன்றையும் கேட்டுவிட்டுக் கடைசி வரியில், "நான் போனால் வீடு என்ன ஆகும் என்றுதான் பயம்" என்று எழுதியிருக்கிறீர்கள். கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன், ரெஸ்யூமே பிறகு.

நான் இருபது வருடத்துக்கு மேல் மனிதவளப் பிரிவில் இருந்தவள். ஆள் எடுக்கும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, பிள்ளை பெற்றுத் திரும்பி வந்த பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். விடுப்பு, மானியம், மத்திய சேமநிதி (சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் கட்டாயச் சேமிப்பு) பற்றி நான் சொல்வது விதிப்படி உள்ளது, நம்பலாம். முதலாளிகள் எப்படி யோசிப்பார்கள் என்பது என் அனுபவம். அது உங்களுக்கு நேர்முகத் தேர்வு நடத்துபவருக்குப் பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம். பிள்ளையின் மனநிலை பற்றிப் பேச நான் ஆள் இல்லை.

முதலில் கணவரின் கணக்கு. இரண்டாயிரம் என்ற எண் எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. தனியார் நிலையங்கள் சிலவற்றில் ஒரு பிள்ளைக்கே அந்த அளவு கேட்கிறார்கள். ஆனால் பிசிஎஃப், மை ஃபர்ஸ்ட் ஸ்கூல் போன்ற அரசு ஆதரவு பெற்ற முதன்மை நடத்துநர்களிடம் முழுநாள் பராமரிப்புக் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2026ல் அது ஜிஎஸ்டி இல்லாமல் 610 வெள்ளி, ஜிஎஸ்டி சேர்த்தால் 665. குடிமகனான பிள்ளைக்கு அடிப்படை மானியம், தாய் வேலைக்குப் போகாவிட்டால் 150, போனால் 300. உங்கள் மகன் அப்படி ஒரு நிலையத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், இன்று அவனுக்கு ஏறக்குறைய 515 கட்டுகிறீர்கள். நீங்கள் வேலைக்குப் போனதும் அவனுக்கும் மகளுக்கும் ஆளுக்கு 365, ஆக 730. நீங்கள் வேலைக்குப் போவதால் கூடும் செலவு மாதம் 215 வெள்ளிதான். அதிலும் குறையும். வேலைக்குப் போகும் தாய்மார்களின் குடும்ப வருமானம் 12,000க்குள் இருந்தால் கூடுதல் மானியம் ஒன்று உண்டு. வருமானம் ஏற ஏற அது குறைந்துகொண்டே வரும். உங்கள் சம்பளம் 3,200 என்றால் இருவருக்கும் சேர்த்து 9,700, அதனால் ஓரளவு கிடைக்கும். மகன் படிப்பது தனியார் நிலையம் என்றால் மேலே சொன்ன எண்கள் பொருந்தாது. அப்போது வேலை தேடுவதற்கு முன்னால் நிலையத்தை மாற்றுவது பற்றி யோசியுங்கள்.

"வேலைக்குப் போகும் தாய்" என்று இதற்குக் கணக்கில் எடுத்துக்கொள்ள மாதம் 56 மணி நேரம் போதும். வாரத்துக்கு 13, 14 மணி நேரம், அதாவது மூன்று அரைநாள் வேலை. பகுதிநேரத்தில் போனால் மானியம் போய்விடும் என்று பல பெண்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். போகாது.

அப்புறம் அந்த 3,200 வெள்ளி. அதில் மத்திய சேமநிதிக்கு உங்கள் பங்கு 20 விழுக்காடு, 640 போக, கைக்கு 2,560 வரும். முதலாளி தன் பங்காக 17 விழுக்காடு, 544 போடுவார். ஆக மாதம் 1,184 வெள்ளி உங்கள் பெயரில் சேர்கிறது, வருடத்துக்கு 14,000க்கு மேல். நிரந்தரவாசம் கிடைத்து இரண்டு வருடம் முடிந்தவர்களுக்கு இந்த முழு விகிதம். உங்களுக்கு அது தாண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். பகுதிநேரத்திலும் மாதச் சம்பளம் 750ஐத் தாண்டினால் இதே விகிதம்தான். "சம்பளம் பிள்ளைகளுக்கே போய்விடும்" என்று கணக்குப் போடுபவர்கள் இந்தப் பணத்தைச் சேர்ப்பதே இல்லை. பிள்ளைச் செலவை அம்மாவின் சம்பளத்தில் மட்டும் கழிக்கும் பழக்கமும் எனக்குப் பிடிபட்டதில்லை. 9,700ல் 730 என்று சொல்லிப் பாருங்கள், வீட்டில் பேச்சே வேறு மாதிரிப் போகும். வரிச்சலுகை என்று யாராவது ஆசை காட்டினால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வேலைக்குப் போகும் தாய்க்கான வருமானவரிக் கழிவு உண்மைதான், ஆனால் வருடம் 38,400 வெள்ளி வாங்குபவருக்கு அந்தக் கழிவு இல்லாமலே வரி 200 வெள்ளிக்குள்தான் வரும். அது அதிகச் சம்பளக்காரர்களுக்குத்தான் பெரிய தொகை.

பணம் இவ்வளவுதான். சிக்கல் நேரத்தில் இருக்கிறது, அதிலும் குறிப்பாக முதல் மூன்று மாதத்தில்.

குடிமகனான, 7 வயதுக்கு உட்பட்ட பிள்ளை இருந்தால் தாய்க்கும் தந்தைக்கும் தனித்தனியே வருடத்துக்கு 6 நாள் சம்பளத்துடன் கூடிய குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. எத்தனை பிள்ளைகள் இருந்தாலும் ஆளுக்கு 6 நாள்தான். ஆனால் அந்த முதலாளியிடம் தொடர்ந்து மூன்று மாதம் வேலை பார்த்த பிறகுதான் இந்த உரிமை தொடங்கும். முதல் வருடத்தில் அதுவும் விகிதப்படிதான். உங்கள் சொந்த நோய்க்கான சம்பள விடுப்பும் மூன்று மாதத்துக்குப் பிறகுதான். நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு கேட்பது பற்றி அரசு, தொழிற்சங்கம், முதலாளிகள் மூவரும் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டி 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது, ஆனால் அதன்படி முறையாகக் கேட்கத் தகுதி பெறுவது தகுதிகாண் காலம் முடித்த ஊழியர். அது பெரும்பாலும் மூன்று மாதம், சில இடங்களில் ஆறு. இன்னொரு விடுப்பு, சம்பளம் இல்லாமல் 12 நாள், 2 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கானது. உங்கள் மகள் அதைத் தாண்டிவிட்டாள்.

இப்போது இதன் மேல் பிள்ளையை வைத்துப் பாருங்கள். வீட்டிலேயே இருந்த இரண்டு வயதுக் குழந்தை முதன்முதலாகப் பராமரிப்பு நிலையத்துக்குப் போனால் முதல் சில மாதம் சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று மாறி மாறி வரும். இது நிலையத்தின் குறை இல்லை, புதிதாகச் சேரும் எல்லாக் குழந்தைக்கும் நடப்பது. கை, கால், வாய்ப்புண் நோய் வந்தால் ஒரு வாரம் வீட்டில்தான். டாக்டர் குழந்தைக்குக் கொடுக்கும் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) உங்களுக்கான எம்சி ஆகாது. ஆக, பிள்ளை மிக அதிகமாக நோய்வாய்ப்படும் அதே மூன்று மாதத்தில் உங்கள் கையில் விடுப்பு ஒன்றும் இருக்காது, புது மேலாளர் உங்களை எடைபோட்டுக்கொண்டிருப்பார். திரும்பி வந்த பெண்களில் வேலையை விட்டுப் போனவர்கள் என்று நான் பார்த்தவர்களில் பாதிப் பேராவது இந்த மூன்று மாதத்துக்குள் போனவர்கள். அவர்கள் "எனக்கு வேலை ஒத்துவரவில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வேலை நன்றாகத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

இதற்கு நான் சொல்லும் வழி இரண்டு. ஒன்று, வேலையும் நிலையமும் ஒரே வாரத்தில் தொடங்கவே கூடாது. மகளை ஒன்றரை, இரண்டு மாதம் முன்னதாகவே சேர்த்துவிடுங்கள். அந்த மாதங்களில் 300க்குப் பதில் 150 மானியம்தான் கிடைக்கும், மகளுக்கு மாதம் 515, இரண்டு மாதம் என்றால் 1,030 வெள்ளி செலவாகும். வேலை தேடிக்கொண்டிருக்கும் தாய்க்குத் தற்காலிகமாக முழு மானியம் தரும் சிறப்பு அனுமதி ஒன்றும் இருக்கிறது. நிலையத்து அலுவலகத்தில் கேட்டால் விண்ணப்பிக்க உதவுவார்கள். கிடைக்காவிட்டாலும் அந்தப் பணத்தைத் தயங்காமல் போடுங்கள். அழுகை, காய்ச்சல், சாப்பாட்டுத் தகராறு எல்லாம் நீங்கள் வீட்டில் இருக்கும்போதே ஒரு சுற்று வந்து போய்விடும். மகன் படிக்கும் நிலையத்திலேயே முதலில் இடம் கேளுங்கள். கூடப்பிறந்தவர்களுக்குப் பல நிலையங்களில் முன்னுரிமை தருகிறார்கள், காலையில் ஒரே இடத்தில் இறக்கிவிடுவது உங்களுக்கு அரைமணி நேரம் மிச்சம்.

இரண்டாவது வழி உங்கள் கணவர். அவர் அங்கே எட்டு வருடமாக இருப்பவர். 6 நாள் விடுப்பு முழுதாக அவர் கையில் இருக்கிறது, தகுதிகாண் காலம் என்ற பேச்சே இல்லை. நீக்குப்போக்கான நேரம் எங்கே கிடைக்கும் என்று நீங்கள் வேலை விளம்பரங்களில் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். அதை இன்றே கேட்கும் தகுதி உங்கள் வீட்டில் ஒருவருக்குத்தான் இருக்கிறது, அது அவர்.

எப்படிக் கேட்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "பாஸ் கிட்ட சொல்லிப் பார்த்தேன், முடியாதுன்னுட்டார்" என்று முடிந்துபோவதுதான் வழக்கம். எழுத்தில் கேட்க வேண்டும். எந்த மாதிரி ஏற்பாடு (தாமதமாக வந்து தாமதமாகப் போவதா, வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலையா), ஏன், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று குறிப்பிட வேண்டும். நிறுவனம் இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணம் தர வேண்டும், அந்தக் காரணம் வேலையைச் சார்ந்ததாக இருக்க வேண்டும்: செலவு கூடும், வாடிக்கையாளர் சேவை பாதிக்கும் என்பது போல. "எங்களுக்கு அதில் நம்பிக்கை இல்லை" என்பது காரணம் ஆகாது. அதே நேரத்தில், கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வழிகாட்டி கேட்கும் முறையைத்தான் உறுதி செய்கிறது, விடையை அல்ல. நான் பார்த்தவரை "ஆறு மாதத்துக்கு மட்டும், காலை 8:30க்குப் பதில் 9:30" என்று முடிவுத் தேதியோடு கேட்பவருக்குச் சம்மதம் எளிதாகக் கிடைக்கும். "இனிமேல் நான் வீட்டிலிருந்துதான்" என்று கேட்பவருக்குக் கிடைப்பதில்லை. அப்பா கேட்டால் "வீட்டில் மனைவி இல்லையா?" என்று சிரிக்கும் மேலாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். எழுத்தில் கேட்டால் அந்தச் சிரிப்பை எழுத்தில் பதிலாக அனுப்ப முடியாது.

நிலையத்தில் சேர்க்கும்போது ஒரு படிவம் தருவார்கள். அவசரத் தொடர்புக்கு முதல் எண், இரண்டாவது எண் என்று இரண்டு கட்டம் இருக்கும். நம் வீடுகளில் முதல் கட்டத்தில் அம்மாவின் எண் தானாகப் போய் உட்கார்ந்துவிடும். என்னோடு வேலை பார்த்த ஒரு பெண் அதில் கணவரின் எண்ணை எழுதினார். ஒரு நாள் காலை பதினொரு மணி வாக்கில் மாதக் கணக்கு முடித்துக்கொண்டிருந்தோம், அவருடைய கைபேசி மேசையில் அதிர்ந்தது. கணவர் அனுப்பிய செய்தி: 38.4, கிளம்பிவிட்டேன், பாலிகிளினிக்கா நம்ம டாக்டரா? இவர் "நம்ம டாக்டர், நீலப் பையில் புத்தகம்" என்று பதில் போட்டுவிட்டு மறுபடி எக்செலுக்குத் திரும்பினார். முகம் இறுகித்தான் இருந்தது, இரண்டு முறை கைபேசியைத் திருப்பிப் பார்த்தார். ஆனால் இடத்தை விட்டு எழவில்லை. அவர் புதிதாகச் சேர்ந்தவர் என்பதும் வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது என்பதும் எங்கள் மேலாளருக்கு வெகுநாள் வரை சேர்த்து ஞாபகம் வந்ததே இல்லை. குறைந்தது உங்கள் தகுதிகாண் காலம் முடியும் வரை முதல் கட்டத்தில் உங்கள் கணவரின் எண் இருக்கட்டும். இதை அவர் ஒப்புக்கொள்கிறாரா இல்லையா என்பதிலேயே நீங்கள் கேட்ட "சமாளிக்க முடியுமா" என்பதற்குப் பாதி விடை தெரிந்துவிடும்.

பணிப்பெண் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. குடிமகனான சிறு பிள்ளை இருக்கும் வீட்டுக்கு, பணிப்பெண்ணுக்காக அரசுக்குக் கட்டும் தீர்வை மாதம் 300 இல்லை, சலுகை விகிதத்தில் 60 வெள்ளி. சம்பளம், சாப்பாடு, காப்புறுதி எல்லாம் தனி. வீட்டுவேலைக்கு அது பெரிய உதவி. ஆனால் காய்ச்சல் குழந்தையை டாக்டரிடம் கொண்டுபோய் மருந்து பற்றி முடிவெடுக்க ஒரு பெற்றோர்தான் வேண்டும், அதனால் மேலே சொன்ன சிக்கல் அப்படியே இருக்கும். அறை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஊரிலிருந்து அம்மாவை வரவழைப்பது என்றால், வருகை அனுமதியில் வருபவரை நம்பி வருடம் முழுவதற்கும் திட்டம் போட முடியாது. தொடக்க மாதத்தில் வந்து இருந்தால் கொடுத்துவைத்தவர் நீங்கள்.

சமையலை யாரும் கேட்பதில்லை, நானே சொல்கிறேன். மாலை 6 மணிக்கு அலுவலகம் விட்டு, 7 மணிக்குள் நிலையத்தில் பிள்ளைகளை எடுத்து, வீட்டுக்கு வந்தால் 7:20. ஒன்பது மணிக்குப் பிள்ளைகள் தூங்க வேண்டும். இந்த ஒரு மணி நாற்பது நிமிடத்தில் சூடாகச் சாம்பார், பொரியல், தோசை என்று நின்றால் நீங்கள் பிள்ளைகளின் முதுகைத்தான் பார்ப்பீர்கள். மாவுப் பாக்கெட் தேக்காவில் மட்டும் இல்லை, இப்போது பேட்டைக் கடைகளிலும் கிடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு குழம்பு வைத்து எடுத்து வைக்கலாம். "ஃப்ரிட்ஜில் வைத்ததை நான் தொடமாட்டேன்" என்று சொல்பவர் வீட்டில் இருந்தால் அவருக்குக் கரண்டி பிடிக்கக் கற்றுக்கொள்ள இது நல்ல சந்தர்ப்பம்.

ஜனவரிக்கு வருகிறேன். எல்லாரும் இரண்டு வயது மகளைப் பற்றியே கவலைப்படுகிறீர்கள், எனக்கு மகன் பற்றித்தான் கவலை. பாலர் நிலையம் காலை 7 முதல் மாலை 7 வரை திறந்திருக்கிறது. தொடக்கப்பள்ளி காலை ஏழரை வாக்கில் தொடங்கி மதியம் ஒன்றரை, இரண்டுக்கெல்லாம் முடிந்துவிடும். ஜூனில் நான்கு வாரம், ஆண்டிறுதியில் ஆறு வாரம், மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒவ்வொரு வாரம் விடுமுறை. பள்ளியிலேயே மாணவர் பராமரிப்பு நிலையம் இருக்கும், விடுமுறையிலும் நடக்கும். ஆனால் இடம் குறைவு. தொடக்கநிலை 1 பதிவு முடிந்து எந்தப் பள்ளி என்று தெரிந்த அன்றே அங்கே விண்ணப்பம் போட்டுவிடுங்கள், டிசம்பர் வரை காத்திருக்க வேண்டாம். அங்கே கிடைக்கும் நிதியுதவி குறைந்த வருமானக் குடும்பங்களுக்கானது, 9,700 வருமானத்துக்கு அதை எதிர்பார்க்காதீர்கள். இதனால்தான் ஜனவரியில் வேலையைத் தொடங்காதீர்கள் என்கிறேன். மகளை மே, ஜூனில் சேர்த்து, ஜூலை, ஆகஸ்ட்டில் நீங்கள் வேலைக்குப் போனால், மகன் புதுப் பள்ளிக்குப் போகும்போது உங்கள் முதல் மூன்று மாதம் முடிந்திருக்கும், விடுப்பும் கையில் இருக்கும். இந்த வருடம் தவறிவிட்டால் அடுத்த மார்ச், ஏப்ரல்.

இனி வேலை. கணக்குப் பிரிவில் ஆறு வருட இடைவெளி நீங்கள் பயப்படும் அளவு பெரிய விஷயம் இல்லை, ஆனால் எதுவும் மாறவில்லை என்ற முகத்தோடு போய் உட்கார்ந்தால் சிக்கல். நீங்கள் விட்டபோது ஜிஎஸ்டி 7 விழுக்காடு. 2023ல் 8, 2024ல் 9. மத்திய சேமநிதிக்கான மாதச் சம்பள உச்சவரம்பு அப்போது 6,000. 2023 செப்டம்பரிலிருந்து படிப்படியாக ஏறி 2026 ஜனவரியில் 8,000 ஆகிவிட்டது. இன்வாய்ஸ்நவ் மின்விலைப்பட்டியல் ஜிஎஸ்டிக்குத் தாமாக முன்வந்து புதிதாகப் பதிபவர்களிடமிருந்து தொடங்கிக் கட்டாயமாகி வருகிறது. சிறு நிறுவனங்கள் மேசைக் கணினி மென்பொருளை விட்டுவிட்டு ஸீரோ போன்ற இணையவழி மென்பொருளுக்குப் போய்விட்டன. இந்த நாலு விஷயத்தையும் நேர்முகத் தேர்வில் பேச்சோடு பேச்சாகச் சொல்ல முடிந்தால் இடைவெளி பற்றிய கேள்வி பாதியாகக் குறைந்துவிடும் என்பது என் அனுபவம். மென்பொருளுக்கு ஒரு குறுகிய வகுப்புப் போதும். திறன் பயிற்சிக்காக அரசு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் போடும் தொகை குடிமக்களுக்கு மட்டும், உங்களுக்கு இல்லை. ஆனால் பல வகுப்புகளின் கட்டண மானியம் நிரந்தரவாசிகளுக்கும் உண்டு. வேலை தேடுபவர்களுக்கு உதவும் வொர்க்ஃபோர்ஸ் சிங்கப்பூர், இ2ஐ ஆகிய அமைப்புகளின் வேலை ஆலோசகர்களையும் நீங்கள் பார்க்கலாம். வேலை வாங்கித் தந்துவிடுவார்கள் என்று போகாதீர்கள், ரெஸ்யூமேயைத் திருத்திக் கொடுப்பதில் கெட்டிக்காரர்கள்.

ரெஸ்யூமேயில் இடைவெளியை மறைக்க வேண்டாம், அலங்கரிக்கவும் வேண்டாம். "2020–2026: குழந்தை வளர்ப்புக்காக முழுநேர விடுப்பு" என்று ஒரே வரி. "இல்லத் தலைவி, நிதி நிர்வாகம், நெருக்கடி மேலாண்மை" என்றெல்லாம் எழுதி வருபவை எங்கள் மேசையில் புன்னகையை வரவழைக்கும், அழைப்பை வரவழைக்காது. நேர்முகத் தேர்வில் "பிள்ளைகள் இருக்கிறார்களா, உடம்பு முடியாவிட்டால் யார் பார்ப்பார்கள்?" என்று கேட்கக் கூடாது. நியாயமான வேலை நடைமுறை வழிகாட்டிகள் நெடுநாளாகச் சொல்வது அது. பராமரிப்புப் பொறுப்பைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதற்கு எதிரான வேலையிட நியாயச் சட்டமும் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அது நடப்புக்கு வரும்போது 25 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு முதலில் விலக்கு இருக்கும். கேட்கக் கூடாது என்பது வேறு, கேட்க மாட்டார்கள் என்பது வேறு. கேட்டால் வாதாட வேண்டாம், "ஏற்பாடு இருக்கிறது, முதல் அழைப்பு என் கணவருக்குப் போகும்" என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள். அது உண்மையாகவும் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் படிவத்தைப் பற்றி அவ்வளவு நேரம் பேசினேன்.

எங்கே தேடுவது என்றால், வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு தேடுங்கள். நகர மையத்தில், ராஃபிள்ஸ் பிளேஸில் 3,500 தருகிற வேலையைவிட டீஃபூ, காக்கி புக்கிட், ஊபி, அங் மோ கியோ பக்கம் 3,100 தருகிற வேலை உங்களுக்கு இப்போது மேல். நிலையம் மூடுவதற்குள் வந்து சேர முடியுமா என்ற ஓட்டம் நெடுநாள் தாங்காது. அந்தத் தொழிற்பேட்டைகளில் பத்து, இருபது பேர் வேலை பார்க்கும் கம்பெனிகளுக்குக் கணக்குப் பார்க்க ஆள் தேவை, ஆனால் முழுநேர ஆளுக்கு வேலை இருக்காது. வாரம் மூன்று நாள் என்று அவர்களிடம்தான் பேச முடியும். குறையும் இருக்கிறது. சிறிய இடத்தில் நீங்கள் ஒருவர்தான் கணக்குப் பிரிவு, மாதக் கடைசியில் விடுப்புக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். பகுதிநேரத்திலேயே பல வருடம் இருந்துவிட்டால் பதவி ஏறுவது கடினம் என்பதும் உண்மை. இரண்டு வருடத்துக்குப் பகுதிநேரம், பிறகு மாற்றம் என்று மனதில் ஒரு தேதி வைத்துக்கொண்டு போவது நல்லது.

தோழி சொன்ன தமிழாசிரியை வேலை நல்ல யோசனைதான், தமிழ் சொல்லித்தர ஆள் தேடும் நிலையங்கள் இருக்கின்றன. "பிள்ளைகள் வீடு திரும்பும் நேரத்துக்கு நானும் திரும்பிவிடலாம்" என்று நினைத்து மட்டும் போகாதீர்கள். முழுநாள் நிலையம் பன்னிரண்டு மணி நேரம் திறந்திருக்கும் இடம், ஆசிரியர்கள் ஷிஃப்டில் வருவார்கள். முதல் ஷிஃப்ட் என்றால் உங்கள் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுவதற்கு முன்னால் மற்றவர்கள் பிள்ளைகளை வரவேற்க நீங்கள் அங்கே நிற்க வேண்டும். பாலர் கல்விச் சான்றிதழ் அல்லது பட்டயப் படிப்பும் முடிக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளோடு நாள் முழுக்க இருப்பது பிடிக்கும் என்றால் தாராளமாகப் போங்கள். நேரத்துக்காக மட்டும் என்றால் கணக்கே உங்களுக்குச் சீக்கிரம் கைகொடுக்கும், அதில் அனுபவம் ஏற்கெனவே இருக்கிறது.

உங்கள் கேள்வியில் இரண்டு விவரம் இல்லை. கணவர் வேலை விஷயமாக அடிக்கடி வெளியூர் போகிறவரா, ஷிஃப்டில் இருப்பவரா? அப்படியென்றால் முதல் அழைப்பை அவருக்குக் கொடுக்கும் திட்டம் செல்லாது. முதல் மூன்று மாதத்துக்கு மாமியாரோ, நம்பிக்கையான பக்கத்து வீட்டுக்காரரோ நிலையத்துப் படிவத்தில் பெயர் கொடுத்து, பிள்ளையை அழைத்துவர அனுமதி பெற்றிருக்க வேண்டும். இன்னொன்று, மாமியார் உங்களோடு இருக்கிறாரா, தனி வீட்டிலா, மகளை மாலை ஆறு மணிக்கு எடுத்துவர அவருக்கு உடம்பு ஒத்துழைக்குமா? இதை எழுதுங்கள். அதைப் பொறுத்து முழுநேரமா, மூன்று நாளா என்பதை உங்களுக்கு இன்னும் திட்டமாகச் சொல்ல முடியும்.